நாகை ஒல்லாந்தர் கோயில் பிரெஸ்பிட்டேரியன் கோயிலா? பழைய கல்லறைக் கல்லை ஆசிட் போட்டுக் கழுவலாமா?

கடுவையாறு:

எல்லோருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். கேள்வி இரண்டு. இரண்டாவதுதான் அவசரம், ஆனால் முதல் கேள்வியைச் சொல்லாமல் அதற்குப் போக முடியவில்லை.

போன மாதம் சித்தி பையன் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தோம். எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற கிறிஸ்தவக் கோயிலில் வைத்துக் கல்யாணம். உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நான் பார்த்த கோயிலெல்லாம் நீளவாக்கில் இருக்கும், இது வட்டமாக இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் நீல வானத்தில் நட்சத்திரம் பதித்த மாதிரி கூரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "இது பிரெஸ்பிட்டேரியன் கோயிலாகக் கட்டினதும்மா, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டினது, உங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இந்தச் சபையே கிடையாது" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் 1774ல் கட்டிய பேதுரு ஆலயம் இருக்கிறது. இன்றைக்கு அது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), திருச்சி-தஞ்சை திருமண்டலம். ஆனால் என் அப்பாயி சாகிற வரைக்கும் அதை ஒல்லாந்தர் கோயில் என்றுதான் சொல்லும். ஒல்லாந்தர் என்றால் டச்சுக்காரர்கள், அது தெரியும். அவர்கள் எந்தச் சபை? ஆங்கிலிக்கனா, லுத்தரனா, இல்லை அந்தப் பெரியவர் சொன்ன பிரெஸ்பிட்டேரியனா? வகுப்பில் ஒரு பையன் கேட்டுவிட்டான், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது. ஊரில் பழைய கல்லறை ஒன்றில் ஒல்லாந்தர் காலத்துக் கற்கள் கிடக்கின்றன. சில கற்கள் பாதி மண்ணுக்குள், சிலவற்றின் மேல் பாசி, இரண்டின் மேல் யாரோ எப்போதோ அடித்த சுண்ணாம்பு. எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் நல்ல மனசோடு கிளம்பியிருக்கிறார்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் எல்லாவற்றையும் கழுவி எழுத்துக்குத் தங்கக் கலர் பெயின்ட் அடித்துவிடலாம் என்று. ஆசிட் கேன், கம்பி பிரஷ் எல்லாம் வாங்கி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏதோ தப்பாகப் படுகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று வெறுமனே சொன்னால் "நீங்களும் செய்ய மாட்டீர்கள், செய்கிறவனையும் விட மாட்டீர்கள்" என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு கல்லில் என்னால் படிக்க முடிந்தது இவ்வளவுதான்: எச்.ஐ.இ.ஆர்., அடுத்த சொல் தேய்ந்துவிட்டது, அப்புறம் பி.இ.ஜி.ஆர்.ஏ.வி.இ.என். கீழே 17 என்று தொடங்கும் ஒரு ஆண்டு. கடைசி வரியில் மூன்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொல். கேடயம் மாதிரி ஒரு சின்னமும் இருக்கிறது. யாராவது உதவுங்கள்.

எழும்பூரில் ஒரு மன்னார்குடிக்காரன்:

டீச்சர், நான் மன்னார்குடி பின்லே பள்ளியில் படித்தவன், இருபது வருஷமாக எழும்பூரில் இருக்கிறேன், அந்த கிர்க்குக்குப் பலமுறை போயிருக்கிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்.

பிரெஸ்பிட்டேரியன் என்ற பேர் சபையை யார் ஆள்கிறார்கள் என்பதைக் குறிக்கிற பேர். தமிழ் பைபிளில் மூப்பர் என்று வருகிறதே, அதற்குக் கிரேக்கத்தில் பிரெஸ்புட்டெரோஸ். மேலே ஒரு பிஷப் கிடையாது, சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்து ஆளுவார்கள். ஜெனீவாவில் கால்வின் தொடங்கிவைத்த வழி இது. ஸ்காட்லாந்தில் 1560க்குப் பிறகு இதுதான் நாட்டுச் சபை ஆனது. அதே வழிதான் ஹாலந்துக்கும் போனது, அங்கே அதற்குச் சீர்திருத்தச் சபை என்று பேர். ஆக ஒல்லாந்தரும் ஸ்காட்லாந்துக்காரரும் பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை. உங்கள் அப்பாயி சொன்ன ஒல்லாந்தர் கோயில் கட்டியபோது அது இந்தக் குடும்பத்துக் கோயில்தான். லுத்தரன் இல்லை, ஆங்கிலிக்கனும் இல்லை. பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

வருஷத்தைக் கவனியுங்கள். கிர்க்குக்கு அஸ்திவாரம் போட்டது 1818ல், திறந்தது 1821ல். உங்கள் ஊர்க் கோயில் அதற்கு நாற்பத்தேழு வருஷம் மூத்தது! 1813ல் இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது இந்தியாவுக்கு ஆங்கிலிக்கன் பிஷப் ஒருவரை அனுப்ப முடிவானது. கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர், எங்களுக்கும் குருமார் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கினார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் ஆண்ட்ரூஸ் பேரில் கோயில் வந்தது அப்படித்தான்.

எழும்பூர்க் கோயிலைக் கட்டியவர் மெட்ராஸ் பொறியாளர் படையின் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட். இடம் சதுப்பாக இருந்ததால் கடக்கால் தோண்டிக் கல் அடுக்கி எழுப்ப முடியவில்லை. நம் ஊரில் கிணறு இறக்குகிற மாதிரி ஏறக்குறைய நூற்றைம்பது கிணறு இறக்கி, அவற்றின் மேல் கோயிலை உட்கார வைத்தார். கிணறு இறக்குவது நம் ஆட்களுக்குக் கைவந்த வேலை, அதை அவர் பார்த்துப் பயன்படுத்திக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். உள்ளே பதினாறு தூண்கள் வட்டமாக நின்று அந்த நீலக் கூரையைத் தாங்குகின்றன. வழவழவென்று பளிங்கு மாதிரி இருக்கும் தூணெல்லாம் நம் சுண்ணாம்புப் பூச்சு.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் கல்லறையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ஸ்காட்லாந்துச் சபை 1588லேயே கோயிலுக்குள் யாரையும் புதைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. ஒல்லாந்தர் அப்படி இல்லை. சபை ஒரே குடும்பம் என்றாலும் பெரிய மனிதர்களைக் கோயில் தளத்துக்கு அடியிலேயே புதைத்து மேலே எழுத்துக் கல்லைப் பாவிவிடுவார்கள். ஹாலந்திலேயே 1829ல்தான் அது முழுசாக நின்றது. ஆகவே ஒல்லாந்தர் கட்டிய கோயில் எதற்குள் போனாலும் முதலில் காலடியைப் பாருங்கள்.

சரி, டெல்டாவில் ஏன் இந்தச் சபை தொடரவில்லை என்று கேட்டால், ஒல்லாந்தர் 1781ல் நாகையை இழந்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த மிஷன்கள் வேறு. தரங்கம்பாடியில் லுத்தரன், தஞ்சாவூரில் ஆங்கிலிக்கன், நாகையிலும் எங்கள் மன்னார்குடியிலும் வெஸ்லியன் மெதடிஸ்ட். ஸ்காட்லாந்து மிஷன் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் வேலை செய்தது. அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தரின் சபை ஆற்காடு, வேலூர்ப் பக்கம் வந்தது, வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அந்த மிஷன் குடும்பம். 1908ல் பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாரும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. இன்றைக்கு எழும்பூர் கிர்க்கும் உங்கள் பேதுரு ஆலயமும் ஒரே திருச்சபைக்குள் இருக்கின்றன.

ஆசிட் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும். ஆனால் அதுவரைக்கும் அந்தக் கேனைத் திண்ணையை விட்டு நகர விடாதீர்கள்.

பொறையாறு:

அக்கா, ஆசிட் வேண்டவே வேண்டாம். இன்றைக்கே பையன்களிடம் சொல்லிவிடுங்கள். நான் தரங்கம்பாடியில் பழைய கல்லறைகளைப் படம் எடுத்துப் பதிவு செய்கிற வேலையில் நாலு வருஷம் தொண்டு செய்திருக்கிறேன், கையால் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கடலோரக் கல்லுக்கு முதல் எதிரி உப்பு. காற்றில் வருகிற உப்பு கல்லின் நுண்ணிய துளைக்குள் போய் உட்காரும், வெயிலில் காய்ந்து படிகமாகும்போது உள்ளேயிருந்து கல்லை நெம்பும். மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது என்றால் அதுதான் காரணம். ஆசிட் ஊற்றினால் இருக்கிற உப்போடு புதுசாக இன்னும் உப்பைச் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். கல்லைச் சுற்றிப் பூசிய சுண்ணாம்புச் சாந்தையும் அது தின்றுவிடும், பளிங்காக இருந்தால் எழுத்தே கரையும். கருங்கல்லில் இரும்புச் சத்து இருந்தால் துருக்கறை கிளம்பி வழியும், அந்தக் கறையை எடுக்கவே முடியாது. கம்பி பிரஷ் போட்டால் இருநூற்றைம்பது வருஷம் தாங்கிய எழுத்தின் ஓரம் பத்து நிமிஷத்தில் மழுங்கிவிடும். பெயின்ட் கதையும் இதேதான். எனாமல் கல்லின் மூச்சை அடைத்துவிடும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ரெண்டு மழைக்காலத்தில் பெயின்டோடு சேர்த்துக் கல் தோலையும் உரித்துக்கொண்டு விழும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெயின்ட் அடிக்கிற பையனுக்கு டச்சு தெரியாது, தேய்ந்த எழுத்தைத் தனக்குத் தெரிந்த மாதிரி வரைவான். அப்புறம் வருகிறவன் அந்தத் தப்பைத்தான் படிப்பான். ஒரு கல்லில் 1 என்பதை 7 ஆக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன், ஒரு மனுஷனுக்கு அறுபது வருஷம் கூடிப்போயிருந்தது.

என்ன செய்யலாம் என்றால், முதலில் இடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் நல்ல தண்ணீர், தென்னந்துடைப்பம்கூட வேண்டாம், மிருதுவான நார் பிரஷ் அல்லது பழைய பருத்தித் துணி. கிணற்றுத் தண்ணீர் உப்பு கரித்தால் அதைத் தொடாதீர்கள், குடிக்கிற தண்ணீரையே எடுத்துப் போங்கள். சோப்புத் தூள் வேண்டாம். பாசி முழுசாகப் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு அடித்த ரெண்டு கல்லையும் சுரண்ட வேண்டாம், அதைத் தெரிந்த ஆள் வந்து பார்க்கட்டும். மண்ணில் புதைந்த கல்லைக் கடப்பாரை போட்டு நெம்புவது கூடவே கூடாது, மண்ணுக்குள் இருக்கிற பாதிதான் நன்றாக இருக்கும்.

எழுத்தைப் படிக்கக் கழுவவே தேவையில்லை. வெளிச்சம்தான் முக்கியம். உச்சி வெயிலில் எந்தக் கல்லும் வாய் திறக்காது. காலை ஆறரை மணிக்குப் போங்கள், அல்லது சாயங்காலம், வெயில் படுக்கையாக விழும்போது. கல் நிழலில் இருந்தால் ஒரு ஆள் உயரக் கண்ணாடியைக் கொண்டுபோய் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடியுங்கள். ராத்திரி போக முடிந்தால் இன்னும் நல்லது, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலக் கிடத்திப் பிடித்தால் பகலில் கண்ணுக்கே தெரியாத எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். வரிக்கு வரி, அது எங்கே உடைகிறதோ அங்கேயே உடைத்து எழுதிக்கொள்ளுங்கள். தேய்ந்த எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், யூகித்து நிரப்பாதீர்கள்.

இனி உங்கள் கல். நீங்கள் படித்தது ஹீர், கடைசியில் பெக்ராவென். நடுவில் தேய்ந்தது லெய்ட் ஆக இருக்கலாம், அல்லது அதே பொருளில் வேறு வடிவம். "இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்" என்று அர்த்தம். கடைசி வரியில் மூன்று எண் என்றால் வயது. டச்சில் 'யார்' என்றால் வருஷம், மாண்டென் என்றால் மாதங்கள், டாகென் என்றால் நாட்கள். நாள் கணக்கு வரைக்கும் எழுதுவது அவர்கள் வழக்கம். இன்னும் சில சொற்களைப் பையன்களுக்கு எழுதிக் கொடுங்கள்: கெபோரென் என்றால் பிறந்தது, ஓவர்லேடென் இறந்தது, கோப்மன் வியாபாரி, அதற்கு முன்னால் ஆப்பர் என்று சேர்ந்தால் தலைமை வியாபாரி. ஹெய்ஸ்ஃப்ரௌ என்றால் மனைவி, வேடுவே விதவை, பிரெடிகான்ட் போதகர். மன்னார்குடி அண்ணன் மூப்பர் என்று சொன்னாரே, அதற்கு டச்சில் அவுடர்லிங். ஏதாவது கல்லில் அந்தச் சொல் கிடைத்தால் உங்கள் முதல் கேள்விக்குக் கல்லே பதில் சொன்ன மாதிரி.

தேதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தரங்கம்பாடியில் பஸ் ஏறி காரைக்கால், நாகூர் வழியாக நாகை வந்தால் ஒரே பஸ்ஸில் டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர் மூன்று ஆட்சியும் பார்த்துவிடலாம் இல்லையா. 1690ல் ஒரே நாளில் தரங்கம்பாடியில் ஒருவரும் நாகையில் ஒருவரும் செத்திருந்தால் ரெண்டு கல்லிலும் தேதி பத்து நாள் வித்தியாசத்தில் இருக்கும். ஒல்லாந்தர் இன்றைக்கு நாம் பயன்படுத்துகிற புதுக் காலண்டருக்கு முன்பே மாறிவிட்டார்கள், டேனிஷ்காரர்கள் 1700ல்தான் மாறினார்கள். கடலூர்ப் பக்கம் இருந்த இங்கிலீஷ்காரர்கள் 1752 வரைக்கும் பழைய கணக்கு. தேதி தப்பு என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

வெண்ணாறு:

மேலே ரெண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு திருத்தம், ஒரு வேண்டுகோள்.

திருத்தம்: ஒல்லாந்தர் கோயிலைப் பிரெஸ்பிட்டேரியன் என்று பலகை எழுதி வைத்துவிடாதீர்கள். அவர்கள் தங்களை ஒருநாளும் அந்தப் பேரில் சொல்லிக்கொண்டதில்லை. சீர்திருத்தச் சபை என்று சொல்லி, மூப்பர் ஆட்சி முறையில் ஸ்காட்லாந்துச் சபையோடு உறவு என்று விளக்கினால் போதும். உறவு இருந்தாலும் சண்டை வராமல் இல்லை. 1781 நவம்பரில் நாகைக் கோட்டையைப் பிடித்த படைக்குத் தலைவர் ஹெக்டர் மன்றோ, அவரே ஸ்காட்லாந்துக்காரர். 1784 சமாதான உடன்படிக்கையில் ஊர் இங்கிலீஷ்காரரிடமே தங்கிவிட்டது. 1799லிருந்து 1845 வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டத்துக்கே நாகைதான் தலைநகர், அதனால் அந்தக் கல்லறைகளில் ஒல்லாந்தருக்கு அப்புறம் இங்கிலீஷ் கற்களும் வரும், ரெண்டையும் கலக்காமல் பதிவு செய்யுங்கள்.

வேண்டுகோள் இது. டீச்சர், நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள். கேடயச் சின்னம், வியாபாரி, கவர்னர் என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்துவிடாதீர்கள். ஒல்லாந்தர் நாகையைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது 1658ல். அடுத்த வருஷமே தஞ்சாவூர் நாட்டில் பெரிய பஞ்சம். பீஜப்பூர்ப் படைகள் ஊர் ஊராகப் புகுந்து அழித்ததில் வந்த பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளையையும் விற்றுக்கொண்ட ஜனங்களை ஒல்லாந்தர் கம்பெனி வாங்கியது. 1659லிருந்து 1661க்குள் நாகை, பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கு, கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும். காவிரி பாய்கிற நாட்டு ஜனங்கள் அவர்கள். அவர்களில் ஒருவருக்கும் கல் இல்லை, பேர் இல்லை. வியாபாரியின் வயதை நாள் கணக்கில் வெட்டி வைத்த அதே ஊரிலிருந்துதான் அவர்கள் போனார்கள். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளால் புரிந்துகொள்ள முடியும், சொல்லுங்கள்.

அதற்காகக் கல்லை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கருங்கல்லில் பூவேலையும் எழுத்தும் வெட்டியது நம் கல்தச்சர்கள். தனக்குப் படிக்கத் தெரியாத மொழியை ஒரு கல்தச்சன் எழுத்துப் பிசகாமல் கல்லில் இறக்கியிருக்கிறான் என்றால் அது சின்ன காரியமில்லை. பழவேற்காட்டுக் கல்லறை வாசலில் ரெண்டு எலும்புக்கூட்டுச் சிலை நிற்கும், போனால் பாருங்கள். கல்லறை வாசலை எலும்புக்கூடு காப்பது ஐரோப்பியர் வழக்கம், அதையும் இங்கேதான் வெட்டியிருக்கிறார்கள்.

பதிவு ஏன் முக்கியம் என்பதற்கு நாகையிலேயே சாட்சி இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் கட்டிய சூடாமணி விகாரை எங்கே? அங்கே மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தை, ஜனங்கள் புதுவெளிக் கோபுரம் என்பார்கள், 1867ல் இடித்துவிட்டார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னால் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் போய்ப் பார்த்துக் குறித்து வைத்திருக்காவிட்டால் அது எப்படி இருந்தது என்றே நமக்குத் தெரியாது. அதே விகாரைக்கு ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் ஆனைமங்கலம் செப்பேடு ஒல்லாந்தர் காலத்தில் இங்கிருந்து போய் ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது, லெய்டன் செப்பேடு என்றே பேர் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போனது ஒரு சீர்திருத்தச் சபைப் போதகர். உங்கள் கல்லறையில் கிடக்கிறவர்களின் சபைதான்.

அலெக்சாண்டர் ரே தொல்லியல் துறைக்காக 1897ல் டச்சுக்காரர்களின் நினைவுச் சின்னங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜே.ஜே. காட்டன் 1905ல் பட்டியல் போட்டார். ரெண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதலில் கல்லை நீங்களே படியுங்கள், அப்புறம் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். முன்னாலேயே புத்தகத்தைப் பார்த்தால் கண் அதைத்தான் கல்லில் தேடும்.

கடுவையாறு:

உங்கள் மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதிலை எல்லாம் பிரின்ட் எடுத்துப் பையன்களிடம் கொடுத்தேன். அந்த 1, 7 கதையைப் படித்ததும் அவர்களே கேனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

வெண்ணாறு ஐயா சொன்ன பஞ்சத்தைப் பற்றி நேற்று வகுப்பில் பேசினேன். ஒரு பெண் எழுந்து, "பேர் எழுதாமல் புதைத்தவர்கள் நம் ஊரில் இப்போதும் இருக்கிறார்கள் மிஸ்" என்றது. 2004 சுனாமியைச் சொல்கிறது. அப்போது அது பிறக்கவே இல்லை, ஆனால் வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளை. அதன் பெரியம்மாவை எந்தக் குழியில் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்கும் கொஞ்ச நேரம் பேச வரவில்லை. கல்லில் பேர் இருப்பதும் இல்லாததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தக விஷயம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சந்தேகம் மட்டும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோமே, அந்தக் கற்கள் மேல் ஏற்றலாமா? யாரும் சொந்தம் கொண்டாடி வராத கல், அன்றைக்கு ஒரு விளக்காவது எரியட்டும் என்று பையன்கள் ஆசைப்படுகிறார்கள்.

பொறையாறு:

ஏற்றுங்கள் அக்கா, ஆனால் கல் மேல் வைக்காதீர்கள். உருகிய மெழுகு எழுத்துக்குழியில் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு, சூட்டில் கல் தோலும் வெடிக்கும். அகலில் மணல் போட்டு அதில் மெழுகுவர்த்தியை நட்டுக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் வையுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், நவம்பரில் வாடை வீசும்.

எழும்பூரில் ஒரு மன்னார்குடிக்காரன்:

தம்பி சொன்னது சரி. டீச்சர், தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன், அப்படியே நாகைக்கும் ஒரு நாள் வந்துவிடுகிறேன். என்னிடம் நல்ல கேமரா இருக்கிறது, ஸ்டாண்டும் இருக்கிறது. படங்களை மூன்று இடத்தில் போட்டு வையுங்கள், ஒரே செல்போனில் வைத்துத் தொலைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடுவையாறு:

நேற்று ராத்திரி போனோம். கல்லறைக்குப் பொறுப்பானவர்களிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான். என் வீட்டுக்காரர், தெருப் பையன்கள் ஐந்து பேர், வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் அவரவர் அப்பா அம்மாவோடு. பொறையாறு தம்பி சொன்ன மாதிரியே டார்ச்சைக் கல்லோடு கிடத்திப் பிடித்தோம். பகலில் வெறும் கல்லாகக் கிடந்தது, எழுத்து எழுத்தாக எழுந்து வந்தது. நாங்கள் எல்லாரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தோம்.

நான் முதலில் எழுதிய அந்தக் கல். நடுவில் தேய்ந்த சொல் லெய்ட்தான், எல்.இ.ஒய்.டி. அடுத்த வரியில் ஒரு பெண் பேர், பேரை இங்கே எழுதவில்லை, இன்னும் ரெண்டு எழுத்து சந்தேகமாக இருக்கிறது, அதுவரைக்கும் புள்ளிதான். பேருக்குக் கீழே டி.ஓ.சி.எச்.டி.இ.ஆர். என்று இருந்தது, அகராதியில் பார்த்தோம், டோக்டர் என்ற டச்சுச் சொல், மகள் என்று அர்த்தம். கடைசி வரியில் யார் பக்கத்தில் 2, மாண்டென் பக்கத்தில் 4, டாகென் பக்கத்தில் 11. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த பையன், ஆசிட் வாங்கி வந்தவன் அவன்தான், அவன் வீட்டில் அதே வயசில் தங்கை இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ், இவ்வளவு சின்னக் குழந்தைக்கா இவ்வளவு பெரிய கல்லு" என்றான்.

மொத்தம் பதினான்கு கற்களுக்கு எண் கொடுத்து வரைபடம் போட்டிருக்கிறோம், ஆறு கற்களை வரிக்கு வரி எழுதியாகிவிட்டது. அவுடர்லிங் இன்னும் கிடைக்கவில்லை. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மிச்சக் கற்களுக்குப் போகிறோம். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வேண்டும், பீரோக் கதவில் இருப்பதைக் கழற்ற என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. நாகை, நாகூர்ப் பக்கம் யாரிடமாவது பழைய கண்ணாடி சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பையன்கள் சைக்கிளில் வந்து பத்திரமாக எடுத்துக்கொண்டு போவார்கள்.